வாக்கு யாருடையது?

"வாக்குக் கொடுத்துப்புட்டேன், தம்பி. இனி மாத்திப் போட்டா எனக்கு நல்ல கதி கிடைக்குமா?"

"ஊர் கூடிப் பேசி முடிவு சொல்லியாச்சு, அப்பு. ஊரை மீறி எவன் போடுவான்?"

"எங்க வீட்டுக்காரக எதுல போடச் சொல்றாகளோ அதுல போடுவேன், தாயி. எனக்கு என்ன தெரியும்?"

கமுதியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலே, தேர்தல் காலத்திலே, கண்மாய்க் கரையிலும் களத்து மேட்டிலும், மிளகாய் வற்றல் காயும் முற்றத்திலும், கரிமூட்டம் புகையும் காட்டோரத்திலும் காது கொடுத்துக் கேட்போருக்கு இந்த மூன்று பேச்சும் புதியன அல்ல. கேட்டவுடன் நகைத்திடத் தோன்றும் சிலருக்கு. சினந்திடத் தோன்றும் வேறு சிலருக்கு. இரண்டும் வேண்டாம். சற்று எண்ணிப் பார்ப்போம்.

மூன்று பேச்சிலும் வஞ்சகம் இல்லை. முதலாவது பேச்சிலே தெரிவது நாணயம்: சொன்ன சொல் தவறக்கூடாது என்னும் அச்சம். இரண்டாவதிலே தெரிவது ஒற்றுமை: ஊரோடு ஒத்து வாழவேண்டும் என்னும் எண்ணம். மூன்றாவதிலே தெரிவது குடும்பப் பணிவு. மூன்றும் நற்குணங்கள் என்று நாம் நெடுங்காலமாகப் போற்றி வந்தவை. பள்ளிப் பிள்ளைக்குப் பாடமாகப் புகட்டி வந்தவை. ஆயினும், இந்த மூவரும் வாக்குச் சாவடிக்குள் அடியெடுத்து வைக்குமுன்பே வாக்கை இழந்துவிட்டவர்கள். விரலிலே மை ஏறும். பட்டியலிலே பெயர் அடிபடும். எண்ணிக்கையிலே ஒன்று கூடும். ஆனால் அந்த ஒன்று அவருடையதன்று!

கயவனின் கைவரிசையால் உரிமை பறிபோகும் என்பதை நாமறிவோம். நல்லவரின் நற்குணமே அவர் உரிமையைப் பறித்திடும் கருவியாகுமா? ஆகிறது. அதற்கு அந்தச் சொல்லே ஓரளவு காரணம் என்று கூறினால் வியப்பாக இருக்கும். வாக்குரிமை என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

வாக்கு என்றால் வாயிலிருந்து வருவது, சொல். வழக்கு மன்றத்திலே தருவது வாக்குமூலம். இருவர் மோதினால் வாக்குவாதம். கோயில் திண்ணையிலே பூசாரி ஆடிக்கொண்டே சொன்னால் அருள்வாக்கு! ஒருவருக்கு ஒன்றைச் செய்வதாக உறுதி கூறினால் அதுவும் வாக்கு. அதைத் தவறுபவன் வாக்குத் தவறியவன். இன்னொரு சொல்லும் உண்டு. அதுதான் கூர்ந்து நோக்கத் தக்கது. செல்வாக்கு! எவருடைய வாக்குச் செல்லுமோ அவர் செல்வாக்கு உடையவர். அவர் சொன்னால் கதவு திறக்கும். அவர் இருமினால் ஊர் எழுந்து நிற்கும். அப்படியானால் மற்றவர்? அவர்களுக்கும் வாய் உண்டு, வாக்கும் உண்டு. ஆனால் அது செல்லாது. நூற்றாண்டு நூற்றாண்டாக நம் நாட்டு ஊர்களின் நிலை இது. ஒரு சிலருக்குச் செல்வாக்கு; ஊராருக்குச் செல்லா வாக்கு.

வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்று சட்டம் வந்த நாளிலே நேர்ந்தது என்ன? செல்வாக்கு என்பது சிலருடைய சொத்தாக இருந்த நிலை சட்டத்தின் முன்னிலையில் முடிந்தது. கண்மாய் மடை திறப்பவர் வாக்கும் காணி நூறு உடையவர் வாக்கும் எண்ணும் மேசையிலே ஒன்றுக்கு ஒன்று. இன்றைக்கும் தேர்தல் அலுவலர் செல்லும் வாக்கு, செல்லாத வாக்கு என்றுதான் பிரித்து எழுதுகிறார். அந்தச் சொற்களுக்குள்ளே ஒரு பெரும் புரட்சி அடங்கியிருக்கிறது. நாம் தான் கவனிப்பதில்லை.

இனி, உரிமை. உரியது என்பதிலிருந்து வந்த சொல். எனக்கு உரியது, உனக்கு உரியது என்கிறோமே, அது. பழைய நூல்களிலே 'உரிமை மகளிர்' என்றொரு தொடர் உண்டு. உரிமை பெற்ற மகளிர் என்று எண்ணி மகிழ்ந்திட வேண்டாம். அரசனுக்கு உரியவராக அந்தப்புரத்திலே வைக்கப்பட்ட மகளிர் என்பது பொருள்! ஒரு காலத்தில் மற்றொருவனுக்கு உடைமையானதைக் குறித்த சொல்லே, இன்று ஒருவர் தமக்குத் தாமே உரியவர் என்பதைக் குறிக்கிறது. சொல் பழையதுதான், பொருள் போராடிப் பெற்றது.

பொருள் போராடிப் பெறப்படுகிறது என்பதற்குக் கமுதியைக் காட்டிலும் நல்ல சான்று வேண்டுவதில்லை. 1897-ஆம் ஆண்டு மே திங்களில், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் வகுப்பினர் சிலர் நுழைந்தனர். கோயிலின் அறங்காவலராக இருந்த இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரை நீதிமன்றம் 1899-இல் நுழைந்தவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர், தோற்றனர். கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றனர். 1908-இல் அங்கும் தோற்றனர். குண்டாற்றங்கரையிலே தொடங்கியது தேம்ஸ் கரையிலே முடிய 11 ஆண்டுகள்!

எதைக் கேட்டது நீதிமன்றம்? "இவர்களும் மனிதர்கள்தானா?" என்று கேட்கவில்லை. "இவர்கள் நுழைவது வழக்கமா?" என்று கேட்டது. வழக்கம் இல்லை, ஆகவே உரிமை இல்லை! தமிழிலே வழக்கு என்னும் ஒரே சொல், நீதிமன்றத்து வழக்கையும் குறிக்கும். பழகிவரும் நடைமுறையையும் குறிக்கும். கமுதியிலே அந்த இரண்டு பொருளும் ஒன்றாகி நின்றன. பழைய வழக்கு, புதிய வழக்கை வென்றது. நேற்றுவரை தடுக்கப்பட்டவன் இன்று உரிமை கேட்டால், "நேற்று உனக்கு அது இருந்ததா?" என்று கேட்டே இன்றும் தடுத்துவிடலாம் அல்லவா? பூட்டிவைத்தவனே, "இவன் ஒரு நாளும் இந்த வாயில் வழி வந்ததில்லை" என்று சான்று கூறும் வேடிக்கை! அந்தத் தடை உடைய 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் வரவேண்டியிருந்தது. வழக்கம் தராததைச் சட்டம் தந்தது.

வாக்குரிமையும் அத்தகையதே. வழக்கத்திலிருந்து வந்ததன்று, வழக்கத்தை மீறி வந்தது. "ஏன், பண்டைத் தமிழகத்திலேயே குடவோலை முறை இருந்ததே!" என்று மார்தட்டுவோர் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டு நம் பெருமைக்கு உரியதுதான். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டது. ஆனால் அதை முழுதும் படித்திடல் வேண்டாமா? இறை கட்டும் கால்வேலி நிலமாவது வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஓலை ஏறத் தகுதி பெற்றோர் யார்? அந்தப் பிராமணச் சபைக்கு உரியோர். உழுதவன் பெயர் குடத்திலே இல்லை. நெய்தவன் பெயர் இல்லை. பெண்ணின் பெயர் இல்லவே இல்லை. தவறு செய்தவர் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்று அந்தக் கல்வெட்டு வகுத்த விதிகளைப் பாராட்டுவோம். அதையே வாக்குரிமை என்று கூறி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

வெள்ளையர் ஆட்சியிலே வந்த தேர்தலும் எல்லோருக்கும் வந்ததன்று. 1920 தேர்தலிலே வாக்காளராக்கியது சொத்து, வரி. 1921-இல் சென்னைச் சட்டமன்றம் பெண் என்பதற்காக வாக்கு மறுப்பதில்லை என்று முடிவு செய்தது. இந்திய மாகாணங்களிலே முதன்முதலாக அவ்வாறு செய்தது சென்னைதான். நம் வரலாற்றிலே நெஞ்சு நிமிர்த்திக் கூறத்தக்க நாள் அது. ஆனாலும் சொத்து உடைய பெண்ணுக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. சொத்து உடைய பெண் எத்தனை பேர்? 1935-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் பல பெண்களைச் சேர்த்தது, எப்படி? சொத்துடையவரின் மனைவி என்ற முறையிலும் சேர்த்தது! வாக்கு அவளுக்கு, தகுதி அவனுக்கு!

பிறகுதான் அரசியல் சட்டத்தின் 326-ஆவது பிரிவு வந்தது: சொத்து வேண்டாம், வரி வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம், குலம் வேண்டாம், 21 வயது போதும். 1989 முதல் 18 வயது போதும். 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலுக்கு ஏறத்தாழ 17 கோடிப் பேர் பட்டியலில் ஏறினர். அந்தப் பட்டியல் தயாரித்தபோது நேர்ந்த ஒன்றை இளைஞர்கள் மறக்கவே கூடாது. பெயர் கேட்கச் சென்ற அலுவலரிடம், பெரும்பாலும் வட மாநிலங்களிலே, பெண்கள் தம் பெயரைக் கூறவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே கூறினர். பெயரில்லாத ஒருவருக்கு வாக்குத் தர இயலாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. உரிமை வாசலில் வந்து நின்றது. வழக்கம் பெயரை விழுங்கியிருந்தது. "எங்க வீட்டுக்காரக சொல்றதுல போடுவேன்" என்கிறாரே கமுதிப் பக்கத்துத் தாய், அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது; வாக்கு மட்டும் இன்னும் இன்னாரின் மனைவியாகவே இருக்கிறது!

வாக்கு இருந்து என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அலுத்துக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் கமுதியிலிருந்து கிழக்கே சென்று மண்டபம் கடற்கரையிலே சிறிது நேரம் நிற்கட்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர்கள் முகாமிலே நிறுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, கப்பலேறிச் சென்ற வழி அது. இந்த மாவட்டத்துக் குடும்பங்களும் அவர்களிலே உண்டு. அந்தத் தீவிலே 1931-இல் 'சர்வசன வாக்குரிமை' வந்தது. நமக்கு இருபது ஆண்டு முன்னதாகவே! வாக்குச் சீட்டிலே இடும் குறியைப் 'புள்ளடி' என்று அழகாகப் பெயரிட்டார்கள் அங்குள்ள தமிழர்கள். பறவையின் காலடி போன்றிருப்பதால். தோட்டத் தமிழர் அனைவருக்கும் எளிதில் கிட்டவில்லையெனினும் பெருந்தொகையினர் அந்தப் புள்ளடியை இட்டனர். 1947 தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. தேயிலை அங்கேயே இருந்தது. அதைக் கொய்த கை அங்கேயே இருந்தது. கையிலிருந்த வாக்கு மட்டும் மறைந்தது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1964-இல் இரு நாட்டுத் தலைவர்களும் உடன்படிக்கை செய்தனர். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம்! 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தனர். மூட்டை பிரிப்பதுபோல மக்களைப் பிரித்தார்களே, எங்கே போக விருப்பம் என்று அந்த மக்களிடம் வாக்குக் கேட்டார்களா? எவரும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஏனெனில் அவர்களிடம் வாக்கு இல்லை. எஞ்சியோருக்கு முழுமையாகக் குடியுரிமை தர 2003-இல் தான் சட்டம் வந்தது. வாக்கில்லாத மக்களைப் பற்றிப் பேசுவார்கள். வாக்குள்ள மக்களிடம் பேசுவார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள தொலைவுதான் வாக்குரிமையின் மதிப்பு. 500 ரூபாய்க்கு அதை மதிப்பிடுவோர் அந்தத் தோட்டத்து லயங்களிலே விலை கேட்டிருக்கவேண்டும்!

சரி, நம்மிடம் வாக்கு இருக்கிறது. இருந்தும் அது நம்முடையதாக இருக்கிறதா?

1957-ஐ இந்தப் பகுதி மறக்கவில்லை. முதுகுளத்தூர் இடைத்தேர்தலுக்குப் பின் மூண்ட பகையிலே, யார் எப்பக்கம் வாக்களித்தனர் என்பதே எரியும் நெருப்புக்கு எண்ணெயாயிற்று. அமைதிப் பேச்சு நடந்த மறுநாள், செப்டம்பர் 11-ஆம் நாள், இம்மானுவேல் சேகரன் பரமக்குடியிலே வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாளில் கீழத்தூவலில் காவலர் துப்பாக்கியால் ஐவர் மாண்டனர். குடிசைகள் எரிந்தன, இரு பக்கமும் தாய்மார் அழுதனர். எந்தத் தரப்பைத் தூற்றவும் இதை நினைவூட்டவில்லை. வாக்குரிமை வந்து ஐந்தாண்டு தான் ஆகியிருந்தது. அதற்குள்ளாகவே, ஒருவன் வாக்கு அவனுடையது என்பதை ஏற்க முடியாத மனம் எத்துணை கொடுமைக்கு இடமளித்தது என்பதற்காகவே கூறுகிறேன்.

அது பழங்கதை என்பீர்களா? 1996-இல் புதிய ஊராட்சிச் சட்டப்படி தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு காலம் அங்கே முறையான தலைவர் அமர முடியவில்லை! வேட்புமனுத் தர எவரும் முன்வராதபடி அச்சம். தந்து வென்றாலும் உடனே பதவி விலகல். 2006-இல் தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. மேலவளவிலே துணிந்து போட்டியிட்டுத் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30-இல் தம் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். எல்லோருக்கும் வாக்குண்டு என்று ஒப்புக்கொண்டவர்களே, "நீ போடலாம், ஆனால் நீ நிற்கக்கூடாது" என்றனர். பிறரை உயர்த்த மட்டும் பயன்படும் வாக்கு, பல்லக்குத் தூக்கியின் தோள் போன்றது. அது உரிமையன்று, ஊழியம்.

இவையெல்லாம் வன்முறை வழி. மென்மையான வழியும் உண்டு: வாக்குறுதி வாங்குவது. கடினமான கேள்வி எழுவது இங்கேதான்.

வீட்டு வாசலிலே பணம் வருகிறது. சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் 2017-லும், வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் 2019-லும் பணப் பட்டுவாடா காரணமாகவே நிறுத்தப்பட்டதை நாடறியும். தருவதும் குற்றம், பெறுவதும் குற்றம் என்கிறது சட்டம். ஆனால் கிழிந்த சேலையும் காய்ந்த கண்மாயுமாக இருக்கும் ஒரு முதியவளை நோக்கி, "வெட்கமில்லையா?" என்று கேட்க எனக்கு நா எழவில்லை. ஐந்தாண்டிலே ஒருமுறை தான் அவளைத் தேடி எவரேனும் வருகின்றனர். அவள் வாங்கிவிட்டாள், கையிலடித்துச் சத்தியமும் செய்துவிட்டாள். இப்போது அவள் என்ன செய்யவேண்டும்? சொன்னபடி வாக்களித்தால், விற்றவள் ஆகிறாள். மாற்றி அளித்தால், பொய்யள் ஆகிறாள். "இனி மாத்திப் போட்டா நல்ல கதி கிடைக்குமா?" என்று அவள் கேட்பது பேதைமை அன்று, அறம் பற்றிய கேள்வி. அறிவியக்கத்தார் அதற்கு விடை கூறியாக வேண்டும்.

"வாக்குத் தவறாதே" என்பதற்கு இந்நாடு எடுத்துக்காட்டாகக் கூறும் கதை எது? அரிச்சந்திரன் கதை. சொன்ன சொல்லைக் காக்க நாட்டைத் தந்தான், பிறகு மனைவியை விற்றான், மகனையும் விற்றான். "ஆகா, வாய்மை!" என்று கூத்து மேடையின் முன்னே விடிய விடியக் கண்ணீர் வடித்தோம். ஒருவரேனும் எழுந்து, "ஐயா, வாக்கு உன்னுடையது, விற்கப்பட்டவள் சந்திரமதி அல்லவா? அவளைக் கேட்டாயா?" என்று வினவினோமா? தன் வாக்கைக் காக்கப் பிறரை விலையாக்குவது வாய்மையின் வெற்றியா, வாய்மையின் பெயரால் நடந்த அநீதியா?

அந்த வினாவிலேயே விடை இருக்கிறது. எனக்கு மட்டுமே உரியதைத் தருவதாக நான் சொன்னால் அந்தச் சொல் என்னைக் கட்டும். பிறருக்கும் உரியதைத் தருவதாகச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அப்படிச் சொன்னால் அந்தச் சொல் பிறக்கும்போதே செல்லாதது. வாக்கு என்னுடையதுதான், ஆனால் அதன் விளைவு என்னோடு நிற்பதன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடம் அதிலே இருக்கிறது. எதிர்த்த தெருவின் குடிநீர் அதிலே இருக்கிறது. வாக்கு வயதே வராத குழந்தையின் நாளை அதிலே இருக்கிறது. 500 ரூபாயை ஐந்தாண்டுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 27 காசு! அந்த 27 காசுக்கு விற்கப்படுவது என் வாக்கு மட்டுமன்று, சந்திரமதியும்தான், மகனும்தான். ஆகவே அந்தச் சத்தியம் அவளைக் கட்டாது. அதைக் கேட்டவன் தான் குற்றவாளி. தனக்கு உரிமையில்லாததைக் கேட்டு வாங்கியவன் அவன்.

"அப்படியானால் மக்களுக்குப் பொய் பேசக் கற்றுத் தருகிறீரா? தலைவர்கள் வாக்குத் தவறினால் மட்டும் ஏசுகிறீர்களே!" என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். தலைவர் தரும் வாக்குறுதி, ஊரறிய, ஊருக்காகத் தருவது. அதைத் தவறினால் கேட்க ஊருக்கு உரிமை உண்டு. வாசலிலே வாங்கும் சத்தியமோ இருளிலே, ஊருக்கு எதிராக வாங்குவது. இரண்டும் ஒரு தராசிலே நிற்கா. ஆயினும், பொய் பழகிய நாக்கு ஒரு நாள் தன் வீட்டாரிடமும் பொய் சொல்லும். ஆதலால் வாங்கிக்கொண்டு ஏமாற்று என்பதை அறமாக நான் கூறமாட்டேன். அதனினும் நேரான வழி ஒன்று இருக்கிறது. வாங்காதே, சொல்லாதே! "யாருக்குப் போடுவீர்கள்?" என்றால், "அதைச் சொல்வதற்கில்லை" என்பதே விடை.

வாக்கு என்றால் சொல். ஆனால் வாக்குரிமையைக் காப்பது சொல்லாமை! முரண்பாடு போலத் தோன்றும். வரலாறு அறிந்தால் விளங்கும். இங்கிலாந்திலே 1872 வரை வாக்கு என்பது உண்மையிலேயே வாய்ச்சொல்தான். ஊரறிய மேடையின் முன் நின்று, இன்னாருக்கு என்று உரக்கக் கூறவேண்டும். பக்கத்திலே நிலக்கிழார் நிற்பார். வேல்சுப் பகுதியிலே 1868 தேர்தலுக்குப் பின், நிலக்கிழாரின் விருப்பத்துக்கு மாறாக வாக்குக் கூறிய குத்தகைக் குடிகள் நிலத்தைவிட்டே துரத்தப்பட்டனர். ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலே 1856-இல் மறைவாக்கு முறை வந்தது. 1872-இல் இங்கிலாந்தும் அதை ஏற்றது. ஒலி உள்ள வாக்கு, செல்வாக்கு உள்ளவனுக்கே சென்றது. ஓசையில்லாத வாக்குத்தான் எளியவனுடையதாயிற்று.

நம் சட்டமும் அதையே கூறுகிறது. எவருக்கு வாக்களித்தாய் என்று நீதிமன்றத்திலே கூட ஒருவரைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். நாமக்கல்லில் வேட்புமனு தள்ளப்பட்ட வழக்கிலே, 1952-இல் உச்சநீதிமன்றம், வாக்களிப்பதும் வேட்பாளராவதும் சட்டம் ஆக்கித் தந்த உரிமைகளே என்றது. பிற்காலத் தீர்ப்புகளிலே ஒரு படி மேலே சென்று, வாக்குச் சாவடிக்குள் ஒருவர் தம் தேர்வைக் காட்டுவது கருத்துரிமையின் ஒரு வடிவம் என்றது. 49-ஓ விதிப்படி எவரையும் ஏற்காதவர் அலுவலரிடம் வெளிப்படையாகப் பதியவேண்டியிருந்த முறையை 2013-இல் நீக்கி, அவர்களுக்கும் மறைவைத் தந்தது. சட்டம் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடம், நம் சொல்லிலேயே இருந்த இடம்: வாக்கு என்பது ஒருவரின் சொந்தக் குரல்.

ஆகவே அந்த மூவருக்கும் விடை கூறுவோம்.

தாயே, கணவர் உன் வீட்டுக்காரர். உன் வாக்குக்குக் காரர் அல்லர். பட்டியலிலே உனக்கென்று தனி எண் இருக்கிறது. அவருக்கு இருப்பது ஒன்று, இரண்டு அன்று.

ஐயா, ஊர் ஒற்றுமை நல்லதுதான். குளம் வெட்ட ஒன்றுகூடுவோம். குடி தண்ணீர் கேட்க ஒன்றுகூடுவோம். ஆனால் நால்வர் பேசி நானூறு பேரின் வாக்கை அடைத்து வைப்பது ஒற்றுமையன்று, குத்தகை. கமுதிக் கோயில் வாயிலிலே நின்ற அதே 'வழக்கம்', இப்போது வாக்குச் சாவடி வாயிலிலே வந்து நிற்கிறது, அவ்வளவே.

பாட்டி, நீ கேட்ட கேள்விக்கு வருவோம். உன் சத்தியம் உன்னைச் சுடாது. சுடவேண்டியது கேட்டவன் நெஞ்சை. அடுத்த முறை வந்தால் கை நீட்டாதே. அந்த ஒரு நாள் கையை மூடிக்கொண்டால் ஐந்தாண்டு நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

இதை அவர்களிடம் கூறவேண்டியவர் யார்? படித்த இளைஞர்களே, நீங்கள்தான். மேடையிலே அல்ல, திண்ணையிலே. ஏளனமாக அல்ல, மகனாக, பேரனாக. அதற்கு முன்பு உங்கள் வீட்டிலே தொடங்குங்கள். உங்கள் தாயிடம், தங்கையிடம், எதில் போடவேண்டும் என்று சொல்லாமல் இருந்து பாருங்கள். யாருக்குப் போட்டாய் என்று கேட்காமல் இருந்து பாருங்கள். பகுத்தறிவு பேசும் எத்தனை பேர் அந்த ஒரு தேர்விலே தேறுவோம்?

வழக்கு வென்றதால் மட்டும் உரிமை நிலைப்பதில்லை; வழக்கிலே வந்தால்தான் நிலைக்கும். சொல்லுக்கும் அதுதான் விதி, உரிமைக்கும் அதுதான் விதி. வாக்குரிமை என்னும் சொல் ஏட்டிலே ஏறிவிட்டது. வாசலிலே வந்து கேட்பவனிடம், "அதைச் சொல்வதற்கில்லை, தம்பி" என்று கமுதிப் பக்கத்து மூதாட்டி அச்சமின்றி, புன்னகையோடு கூறும் நாளிலேதான் அது வழக்கிலே ஏறும்.